எழுந்துபோகச் சொல்லாத மேசைகள்

பயணத்தில் நான் நல்ல காப்பிக்கடை என்று குறித்துவைத்துக்கொள்ளும் இடங்களுக்கும் நல்ல காப்பிக்கும் அதிகச் சம்பந்தம் கிடையாது. நல்ல காப்பி வேண்டுமென்றால் வீட்டிலேயே இருந்துவிடலாம். கொட்டையை நாமே தேர்ந்து, சிக்கரியின் அளவை நாமே முடிவுசெய்து, முதல் டிகாஷனை இரண்டாம் டிகாஷனோடு கலக்காமல் குடிக்கிற பாக்கியம் எந்த ஊர்க் கடையிலும் வாய்க்காது. கும்பகோணத்தின் பெயரைப் பலகையில் எழுதி நெடுஞ்சாலை தோறும் பித்தளை டபராவில் கொடுக்கிறார்களே, அதில் டபராதான் அசல்.

எங்கள் நாஞ்சில் நாட்டில் காப்பி என்ற சொல்லுக்கே பொருள் வேறு. "காப்பி குடிச்சாச்சா?" என்று கேட்டால் காலை உணவு ஆயிற்றா என்று அர்த்தம். புட்டோ ஆப்பமோ தோசையோ எதைத் தின்றாலும் அது காப்பி குடிப்புதான். கூடவே வருகிற திரவம் கருப்பட்டிக் காப்பியாகவும் இருக்கலாம், தேயிலையாகவும் இருக்கலாம். வெளியூர்க்காரர்கள் இந்தக் கேள்வியை நம்பி, "வேண்டாம், இப்போதுதான் குடித்தேன்" என்று சொல்லிவிட்டுப் பசியோடு உட்கார்ந்திருந்த கதைகள் எங்கள் வீட்டிலேயே உண்டு. அப்படி வளர்ந்ததால்தானோ என்னவோ, காப்பி என்றால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது பானமல்ல, உட்காருவது.

பொதுத்துறை வங்கியொன்றின் தணிக்கைப் பிரிவில் ஏறக்குறைய 20 ஆண்டுகள் வேலை பார்த்தேன். வாரக்கணக்கில் அயலூர்களில் தங்க வேண்டியிருக்கும். தங்கும் விடுதியின் அறை இரவுக்கு மட்டுமே ஆகும். கிளை மாலை 6 மணிக்குப் பூட்டப்படும். ஆறிலிருந்து ஒன்பதுவரை ஒரு பெண் தனியாக எங்கே இருப்பது? இந்தக் கேள்வியை என்னுடன் வந்த ஆண் சகாக்கள் யாரும் எதிர்கொண்டதில்லை. டீக்கடை பெஞ்ச், பேருந்து நிலையத்துக் கல் திண்ணை, சலூன், பாலத்தின் கைப்பிடிச் சுவர் என்று ஊரெல்லாம் அவர்களுக்கு நாற்காலி போட்டுவைத்திருக்கிறது. பெண்ணுக்குக் கோயில் இருக்கிறது. அதுவும் நடை சாத்தும்வரை. உணவகங்களில் 'குடும்ப அறை' என்று தட்டி வைத்து மறைத்திருப்பார்கள். அதற்குள் ஒற்றையாக உட்கார்ந்தால் பரிமாறுகிறவர் மூன்று முறை வந்து, "வேற யாராவது வரணுமா?" என்று கேட்பார். அதனால் புது ஊரில் இறங்கியதும் என் கண் தேடுவது இரண்டைத்தான். ஒரு காப்பிக்கு ஒன்றரை மணி நேரம் விட்டுவைக்கிற மேசை. கதவுக்குத் தாழ்ப்பாள் உள்ள கழிப்பறை. சுவை, வாசனை, கலாச்சாரம் இத்யாதிகள் இவற்றுக்குப் பிறகு.

1996இல் பெங்களூர் பிரிகேட் சாலையில் கஃபே காபி டே தொடங்கி, அடுத்த பத்தாண்டுகளில் அந்த மாதிரிக் கண்ணாடிக் கடைகள் எல்லா ஊர்களுக்கும் வந்துவிட்டன. அவற்றை இலக்கியவாதிகள் ஏளனம் செய்வது வழக்கம். நான் செய்யமாட்டேன். குளிரூட்டிய அறையில், யார் கண்ணும் உறுத்தாமல், ஒரு பெண் புத்தகம் வாசிக்கலாம் என்ற நிலையைச் சிறு நகரங்களில் முதலில் கொண்டுவந்தவை அவையே. ஆனால் அங்கே உட்காரும் உரிமையைக் காப்பியின் விலையில் சேர்த்து முன்கூட்டியே வாங்கிவிடுகிறார்கள். அந்த விலையைத் தர முடியாதவருக்குக் கண்ணாடிக்கு வெளியேதான் இடம். என் தந்தையார் ஒருமுறை உள்ளே வந்து விலைப்பட்டியலைப் பார்த்துவிட்டு, "மக்களே, இது பாட்டக் கடையா?" என்று கேட்டார். நிலத்தைப் பாட்டத்துக்கு எடுப்பதுபோல நாற்காலியைப் பாட்டத்துக்கு எடுப்பது என்று பொருள். அதைவிடச் சரியான விமர்சனத்தை நான் எங்கும் வாசித்ததில்லை.

அப்பாவைப் பற்றிச் சொல்லாமல் திருவனந்தபுரத்தைப் பற்றிச் சொல்ல முடியாது.

தம்பானூரில், ரயில் நிலையத்துக்கும் பேருந்து நிலையத்துக்கும் பக்கத்தில், செங்கல் நிறத்தில் ஒரு திருகாணியைத் தலைகீழாக ஊன்றிவைத்ததுபோல நிற்கும் கட்டடத்தைப் பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். இந்தியன் காப்பி ஹவுஸ். கட்டியவர் லாரி பேக்கர். 1917இல் பர்மிங்காமில் பிறந்து, 1945இல் தொழுநோயாளிகளுக்கான விடுதிகளைக் கட்டும் பணிக்காக இந்தியா வந்து, இமயமலையடிவாரத்தில் பல ஆண்டுகள் இருந்துவிட்டுக் கடைசியில் கேரளத்துக்காரராகவே ஆகிப்போனவர். 1989இல் இந்தியக் குடியுரிமை பெற்றார். 2007இல் திருவனந்தபுரத்திலேயே காலமானார். குறைந்த செலவில், பூச்சில்லாத செங்கல்லில், உள்ளூர்க் கொத்தனாரின் கைத்திறனை நம்பிக் கட்டுவது அவர் வழி.

இந்தக் காப்பி ஹவுஸில் அவர் செய்திருப்பதை விவரிப்பது எளிது. மனை சின்னது. மாடிகளாக அடுக்கினால் படிக்கட்டுக்கே பாதி இடம் போய்விடும். அவர் மாடியையும் படியையும் ஒன்றாக்கிவிட்டார். தரை முழுக்க ஒரே சாய்தளம். வட்டமாகச் சுற்றிச் சுற்றி மேலே ஏறுகிறது. வெளிச்சுவரை ஒட்டி, கட்டடத்தோடு சேர்த்துக் கட்டிய மேசைகளும் பெஞ்சுகளும். நடைபாதை சரிந்துகொண்டே போகும். ஆனால் மேசைகள் மட்டம் தப்பாமல், ஒவ்வொன்றும் முந்தையதைவிடச் சற்று உயரத்தில், ஏணிப்படிபோல அமைந்திருக்கும். சுவரில் வரிசையாகத் திறப்புகள். அவற்றின் வழியே வெளிச்சமும் காற்றும் பேருந்துகளின் உறுமலும் வரும். வட்டத்தின் நடுவே தண்டுபோல் எழும்பும் பகுதியில் கழிப்பறைகள். என் இரண்டு தேவைகளையும் ஒரே வட்டத்துக்குள் வைத்துக் கட்டிய மனிதர் என்ற வகையில் பேக்கர்மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு. கட்டடக்கலை மாணவர்கள் வந்து அளவெடுத்துப் படம் வரைகிறார்கள். கட்டடத்தின் அழகைப் பற்றி எழுதுகிற யாரும் அந்தச் சரிவில் நாள்முழுக்கத் தட்டோடு ஏறி இறங்கும் பணியாளரின் முழங்காலைப் பற்றி எழுதிக் கண்டதில்லை.

2004இல் அப்பாவுக்குத் தொண்டையில் புற்று என்று தெரிந்தது. குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு இந்த நோய் என்றால் வழி ஒன்றுதான். திருவனந்தபுரத்தில் 1981இல் அமைக்கப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்துக்குப் போவது. நாகர்கோவிலிலிருந்து 70 கிலோமீட்டருக்குள்தான். அப்பா தலைமுறைக்கு அது வேறு மாநிலத்துத் தலைநகரமும் அல்ல. 1956 நவம்பர் 1 வரை எங்கள் ஊர் திருவிதாங்கூரோடு இருந்தது. அப்பா மலையாளம் எழுதப் படிக்கக் கற்றவர். "பழைய தலஸ்தானத்துக்குத்தானே போறோம்" என்று சிரித்துக்கொண்டுதான் பேருந்தில் ஏறினார்.

வாரத்துக்கு ஐந்து நாள் கதிர்வீச்சு; ஏழு வாரம். மெடிக்கல் காலேஜ் பக்கத்தில் ஓர் அறை எடுத்துத் தங்கினோம். சனி ஞாயிறு சிகிச்சை கிடையாது. அந்த அறையில் சன்னலைத் திறந்தால் எதிர்ச் சுவர். அடுத்தடுத்த அறைகளில் எங்களைப் போலவே வந்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு தயாராகிவிடுவார். நகரப் பேருந்தில் தம்பானூர். காப்பி ஹவுஸ்.

முதல் ஞாயிறு மூன்றாவது சுற்றுவரை ஏறினோம். அப்பாவுக்கு உயரத்திலிருந்து பேருந்து நிலையத்தைப் பார்க்க வேண்டும். எந்த ஊர்ப் பேருந்து எத்தனை மணிக்குக் கிளம்புகிறது என்று குறித்துக்கொள்வது அவர் பொழுதுபோக்கு. மசால் தோசை சொன்னார். மசாலா சிவப்பாக வந்தது. பீட்ரூட். உருளைக்கிழங்குக்கு நடுவே பீட்ரூட்டைப் போடுவதைக் கேரளத்துக் காப்பி ஹவுஸ்காரர்கள் ஒரு கொள்கைபோலக் கடைப்பிடிக்கிறார்கள். கட்லெட்டிலும் அதேதான். தமிழ் நாக்குக்கு இது ஒருபோதும் பிடிபடாது. அப்பா மசாலாவைத் தனியே ஒதுக்கிவிட்டு, "கட்சி நிறத்தத் தோசைக்குள்ளயும் வெச்சிட்டானுவ" என்றார்.

அந்த நகைச்சுவைக்கு ஒரு வரலாறு இருந்தது. அப்பா வடசேரியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கூட்டுறவு என்ற சொல்லைக் கேட்டாலே அவர் முகத்தில் ஒரு கசப்பு வரும். நூல் இருப்பில் குறைவதும் தறிக்காரர்களுக்குக் கூலி நிலுவையாவதும் தேர்தல் வந்தால் உறுப்பினர் பட்டியல் திடீரென்று கொழுப்பதுமாக அவர் பார்த்த சங்கம் அவர் கண்முன்னாலேயே உலர்ந்துபோயிற்று. ஆகவே இந்தக் காப்பி ஹவுஸ் தொழிலாளர்களே சொந்தமாக நடத்துகிற கூட்டுறவு என்று நான் சொன்னபோது அவர் நம்பவில்லை. விசிறி மடிப்புத் தலைப்பாகையோடு காப்பி கொண்டுவந்து வைத்தவரிடமே மலையாளத்தில் விசாரித்தார். பங்கு எத்தனை ரூபாய்? காசோலையில் கையெழுத்துப் போடுவது யார்? கணக்கை யார் தணிக்கை செய்கிறார்கள்? அந்த மனிதர் ஒரு கையில் காலித் தட்டோடு நின்று, பொறுமையாகப் பதில் சொன்னார். மேசை துடைக்கிற வேலையில் சேர்ந்ததாகவும் படிப்படியாகப் பரிமாறும் வேலைக்கு வந்ததாகவும் தானும் சங்கத்தில் ஓர் உறுப்பினர் என்றும் சொன்னார். "அப்போ முதலாளி நீங்கதான்" என்றார் அப்பா. "முதலாளிக்கு எட்டாம் நம்பர் மேசையில கூப்பிடுறாங்க" என்று சொல்லிவிட்டு அவர் சரிவில் ஏறிப்போனார்.

அந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1930களின் பொருளாதார மந்தத்தில் இந்தியக் காப்பிக்கு வெளிநாட்டுச் சந்தை சரிந்தது. விளைந்ததை உள்ளூரில் குடிக்கவைக்க வேண்டும் என்ற நெருக்கடியில்தான் 'இந்தியா காப்பி ஹவுஸ்'கள் பிறந்தன. முதலாவது 1936இல் பம்பாயில் தொடங்கப்பட்டது என்பார்கள். அதாவது நாம் இன்று அறிவுலகத்தின் கூடாரங்களாகக் கொண்டாடும் இவை விளம்பரக் கடைகளாகவே தொடங்கின. நாடு விடுதலை பெற்றுப் பத்தாண்டில், 1957இல், காப்பி வாரியம் இவற்றை மூட முடிவெடுத்தது. தொழிலாளர்கள் தெருவுக்கு வர இருந்த நேரத்தில் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலன் தலையிட்டார். மூடாதே என்று கேட்பதைவிட எங்களிடம் கொடு என்று கேட்பது மேல் என்பது அவர் யோசனை. 1957 ஆகஸ்டில் பெங்களூரில் முதல் தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். அக்டோபரில் டில்லியில் கடை திறப்பு. 1958 மார்ச் 8இல் திருச்சூரில், கேரளத்தின் முதல் கடை. அங்கே இதற்காக உழைத்த என்.எஸ்.பரமேசுவரன் பிள்ளையைக் 'காப்பி ஹவுஸ் பிள்ளை' என்றே அழைத்தார்கள். அவர் இந்தக் கதையை மலையாளத்தில் ஒரு நூலாகவும் எழுதியிருக்கிறார். கை மாறியபோது பெரும்பாலான இடங்களில் பெயரிலும் ஓர் எழுத்து கூடிற்று. 'இந்தியா' என்பது 'இந்தியன்' ஆயிற்று. நாட்டின் பெயர் ஆளின் பெயராயிற்று என்று இதற்கு யாராவது வியாக்கியானம் எழுதலாம். எனக்கு அவ்வளவு தூரம் போக விருப்பமில்லை.

இரண்டாம் ஞாயிறும் மூன்றாவது சுற்று. மூன்றாம் ஞாயிறு இரண்டாவது சுற்றில் அப்பா நின்று, "இங்கயும் காத்து நல்லாத்தான் வருது" என்றார். உட்கார்ந்தோம். நான்காம் வாரத்தில் தொண்டை புண்ணாகி, தோசையை நிறுத்திவிட்டார். காப்பி மட்டும். அதையும் சூடாகக் குடிக்க முடியாது. கோப்பையைக் கையில் பிடித்தபடி ஆறட்டும் என்று காத்திருப்பார். அரைமணி, முக்கால்மணி. கீழே கூட்டம் இடம் தேடி ஏறிவந்துகொண்டிருக்கும். ஒருவரும் எங்களை எழுப்பவில்லை. அந்தப் பணியாளர் கடந்துபோகும்போது எங்கள் மேசையைப் பார்க்காததுபோலவே போவார். அது எவ்வளவு பெரிய உபசாரம் என்பது நோயாளியோடு பொது இடத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியும். ஐந்தாம் ஞாயிறு அவர் கொண்டுவந்த இரண்டு கோப்பைகளில் ஒன்று ஆவி பறந்தது. மற்றொன்று உள்ளேயே ஆற்றப்பட்டு, பால் கூடுதலாக, வெதுவெதுப்பாக இருந்தது. அதை அப்பா பக்கம் வைத்தார். யாரும் கேட்டிருக்கவில்லை. அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

ஆறாம் வாரம் சுவை போயிற்று. கதிர்வீச்சில் அது வழக்கம் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். வாசலை அடுத்த முதல் மேசையில் உட்கார்ந்தோம். சாய்தளம் அதற்கு அப்பால்தான் ஏறத் தொடங்கும். "ஒண்ணும் தெரியலன்னா எதுக்குப்பா இவ்வளவு தூரம் அலையணும்?" என்று கேட்டேன். அப்பா கோப்பையை மூக்கருகே கொண்டுபோனார். "சூடு தெரியுது மக்களே. வாசம் வருது. நாலு ஆளு நடமாட்டமும் இருக்கு" என்றார். பிறகு பில்லைத் திருப்பி அதன் பின்பக்கத்தில் பென்சிலால் ஏதோ எழுத ஆரம்பித்தார். எத்தனை மேசை, ஒரு மேசையில் ஒருவர் சராசரியாக எவ்வளவு நேரம், ஒரு நாளைக்கு எத்தனை காப்பி, பால் என்ன விலை, சம்பளம் எத்தனை பேருக்கு. கூட்டிப் பெருக்கிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "இப்படி ஆளுவள உக்காத்தி வெச்சா கணக்கு எப்படி ஒத்துவரும்?" எங்கள் எதிரிலேயே அவருடைய கணக்கைப் பொய்யாக்கிக்கொண்டு தலைப்பாகைகள் ஏறி இறங்கின. அந்தத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அப்பா 2005 மார்ச்சில் இறந்தார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. நானும் தொழில்முறையில் கணக்குச் சரிபார்க்கிறவள் என்பதால் பலமுறை அதைப் போட்டுப் பார்த்திருக்கிறேன். பால் விலையையும் வாடகையையும் திருத்தி, வேறு வேறு ஊர்க் காப்பி ஹவுஸ்களில் உட்கார்ந்து போட்டிருக்கிறேன். எங்கெல்லாம் வாடகை பழையதாகவோ கட்டடம் சங்கத்தின் கைக்குள்ளோ இருக்கிறதோ அங்கெல்லாம் தட்டுத்தடுமாறி ஒத்துவருகிறது. சந்தை வாடகை கொடுக்கவேண்டிய நாளில் ஒத்துவருவதில்லை. மிச்சத்தை ஈடுகட்டுவது யாருடைய சம்பளம் என்ற கேள்வியும் அதிலேயே இருக்கிறது.

பெங்களூர் மகாத்மா காந்தி சாலையில் அதைக் கண்ணால் பார்த்தேன். அங்கிருந்த காப்பி ஹவுஸ் பேக்கரின் கட்டடம்போல அதிசயமொன்றும் அல்ல. குறுகிய கூடம். கால் ஆடும் மேசைகள். சுவரில் காப்பி வாரியத்தின் பழைய விளம்பரங்கள். வெளியே மெட்ரோ வேலைக்காகச் சாலையைக் கிழித்துப்போட்டிருந்தார்கள். கட்டட உரிமையாளரோடு நடந்த வழக்கு முடிந்து, 2009 ஏப்ரலில் அந்த இடத்தைக் காலிசெய்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்பு தணிக்கைக்காக அந்நகரில் இருந்தேன். மூடப்போகிறார்கள் என்ற செய்தி கேட்டு, ஆண்டுக்கணக்கில் அந்தப் பக்கம் வராதவர்களெல்லாம் காமிராவோடு வந்து குவிந்தார்கள். உட்கார இடமில்லை. ஒரு முதியவர், தினமும் வருகிறவர் என்று பார்த்தாலே தெரிந்தது, செய்தித்தாளை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்று பார்த்துவிட்டுத் திரும்பிப்போனார். காப்பி ஹவுஸ் பிறகு சர்ச் தெருவுக்குப் போயிற்று. அங்கும் போயிருக்கிறேன். இடம் விசாலம், துப்புரவு, பழைய படங்களையும் மாட்டியிருந்தார்கள். நன்றாகவே இருக்கிறது. இடம்பெயர்ந்தது பிழைத்ததைப் பற்றிப் புலம்ப எனக்கு மனமில்லை.

டில்லியில் இடம்பெயர்வு இதைவிட வன்மையானது. கன்னாட் பிளேசில் இருந்த காப்பி ஹவுஸை நெருக்கடி நிலைக் காலத்தில் இடித்தார்கள். அரசியல் பேசும் இடம் என்பதுதான் அதன் குற்றம் என்பது பரவலான கருத்து. இப்போது மோகன் சிங் பிளேஸ் கட்டடத்தின் உச்சியில், மொட்டைமாடியோடு இருக்கிறது. அங்கே குரங்குகளுக்கும் உட்கார உரிமை உண்டு. அவை சங்கத்தில் உறுப்பினர்களா என்று அப்பா இருந்திருந்தால் விசாரித்திருப்பார்.

கல்கத்தாவுக்கு 2011இல்தான் போக வாய்த்தது. கல்லூரித் தெருவில் பழைய புத்தகக் கடைகளுக்கு நடுவே ஒரு கட்டடத்தின் படிகளில் ஏறினால் அந்தப் பெரிய கூடம். 1876இல் ஆல்பர்ட் ஹால் என்ற பெயரில் உண்டான இடம். 1942இல் காப்பி வாரியம் அங்கே காப்பிக்கடை திறந்தது. 1958இல் மூடப் பார்த்தபோது பிரெசிடென்சி கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருந்த பேராசிரியர்கள் அரசுக்கு மனுப்போட்டு அதே ஆண்டில் மீண்டும் திறக்கவைத்தார்கள். காப்பிக்கடையைத் திறக்கச் சொல்லிப் பேராசிரியர்கள் மனுப்போடும் ஊர் வேறொன்று இருக்கிறதா என்று தெரியவில்லை. உயர்ந்த கூரையிலிருந்து நீண்ட தண்டுகளில் மின்விசிறிகள் தொங்குகின்றன. சுற்றிலும் மேல்மாடம். சுவரில் பிரம்மாண்டமான தாகூர் படம். கீழ்த்தளத்துக்கும் மேல்மாடத்துக்கும் பாராளுமன்ற அவைகளின் பெயரை வைத்து வழங்கியதாகச் சொல்வார்கள். சத்தமோ மீன் சந்தையைத் தோற்கடிக்கும். பால் சேர்க்காத காப்பிக்கு அங்கே 'இன்ஃப்யூஷன்' என்று பெயர். அதைக் குடித்துப் பார்த்தேன். அந்தப் பெயரைத் தவிர அதில் சிறப்பாக ஒன்றும் இல்லை.

வங்காளிகள் இந்த இடத்தைக் கோயிலாகவே வைத்திருக்கிறார்கள். சத்யஜித் ராய் வருவார், மிருணாள் சென் வருவார், அமர்த்தியா சென் வருவார் என்று மேசையைக் காட்டாத குறையாகச் சொல்கிறார்கள். 1983இல் மன்னா தே பாடிய காப்பி ஹவுஸ் பாட்டு அங்கே எல்லோருக்கும் மனப்பாடம். கௌரிபிரசன்ன மஜூம்தார் எழுதியது. ஒரே மேசையில் அரட்டையடித்த ஏழு நண்பர்கள் என்னவானார்கள் என்பதுதான் விஷயம். ஒருவன் பாரிசுக்குப் போய்விட்டான், ஒருவன் டாக்காவில். கித்தார் வாசித்த கோவாக்காரன் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்தான். ஒருத்தி பணக்காரனை மணந்து வசதியாக இருக்கிறாள், இன்னொருத்தி மனநல விடுதியில். கவிதை எழுதிய அமல் புற்றுநோயில் கிடக்கிறான். மொழி தெரியாத எனக்கு அருகிலிருந்த ஒரு மாணவி வரிவரியாக அர்த்தம் சொன்னாள். அமலிடம் வந்ததும் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டாள். "சொல்லு" என்றேன்.

நல்ல பாட்டு. பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் ஒவ்வொரு முறையும் எனக்கு ஓர் ஐயம் எழும். ஏழு பேரும் வருகிறார்கள், அவர்களுடைய மேசை வருகிறது, கோப்பைகள்கூட வருகின்றன. அந்தக் கோப்பைகளைக் கொண்டுவந்து வைத்த ஆள் ஒரு பாத்திரமாக வரவில்லையே? அந்த எட்டாம் ஆள் என்னவானார்? நம்முடைய இலக்கியச் சர்ச்சைகள் எத்தனையோ இப்படிப்பட்ட மேசைகளில் நடந்திருக்கின்றன. சிறுபத்திரிகைகளின் முதல் இதழ்களுக்கு அங்கேதான் பெயர் வைத்திருக்கிறோம். ஒரு காப்பிக்கு மூன்று மணி நேரம் என்ற விகிதத்தில் நாம் செலவழித்த நேரத்துக்கான செலவுக் கணக்கு அப்பாவின் தாளில் யாருடைய பத்தியில் ஏறுகிறது? அதை அவர் பென்சிலால் 'கூலி' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டிருக்கிறார்.

அன்று நான் நாலு மணிவரை உட்கார்ந்திருந்தேன். எதிர் நாற்காலியில் ஆள் மாறிக்கொண்டேயிருந்தது. கேட்காமலே உட்காருகிறார்கள், கேட்காமலே எழுந்துபோகிறார்கள். யாருக்காகக் காத்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் வினவவில்லை. வாங்கிய புத்தகங்களை மேசையில் பரப்பி, அட்டைகளைத் துடைத்து, ஊருக்குக் கொண்டுபோக வேண்டியவற்றைப் பிரித்துவைத்தேன். பில் கொடுத்துவிட்டுப் படியிறங்கும்போது, என் மேசைக்குப் பரிமாறிய வயதான பணியாளர் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கீழ்ப்படியில் உட்கார்ந்திருந்தார். கையில் தெருக்கடையிலிருந்து வாங்கிய மண்குவளை. தேநீர். என் அரைகுறை இந்தியில், "காப்பி ஹவுஸில் இருந்துகொண்டு தேநீரா?" என்று கேட்டேன்.

"நாள் முழுக்க அதைத் தூக்குகிறேன், குடிக்கவும் வேண்டுமா?" என்றார். எனக்கு வழிவிடுவதற்காகச் சற்றுச் சுவரோரம் நகர்ந்தார். ஆனால் எழுந்திருக்கவில்லை.